ஒடுங்கின தோய்க்கிற அறைக்கும் ஒரு பக்கம் போடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில வீட்டு அலங்காரப் பக்கத்தில உடுப்புத் தோய்க்கிற அறையை எப்பிடி வடிவாக்கிறது எண்டு முழுப்பக்கத்துக்கு கலர் படத்தோட போட்டிருந்தியள். ஆசையா வாசிச்சன். வாசிச்சு முடிச்சு பேப்பரை மடிச்சு வைச்சிட்டு எழும்பிப்போய் எங்கட வீட்டுப் பின்பக்கத்தை ஒருக்கா பாத்தன், பிறகு வந்து படத்தைத் திருப்பிப் பாத்தன், ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படத்தில வெள்ளை மாபிள் தட்டு, ஒண்டுக்கு மேல ஒண்டா ரெண்டு மெஷின், நிலத்தில கார்பெட். தோய்க்கிற இடத்தில கார்பெட் போட்டவை ஒருநாளும் வயலால வந்த சாரத்தைத் தோய்ச்சிருக்க மாட்டினம் எண்டு எங்கட மாமி சொன்னா, அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல.

கோவத்தில எழுதேல்லை ஐயா. அந்தப் பக்கம் வேணும், ஆனா எங்கட வீடுகளுக்கு ஏத்த மாதிரி வேணும். அதுதான் நான் செய்து பாத்ததை எழுதிறன், பிரயோசனம் எண்டா போடுங்கோ.

எங்கட வீடு கனகராயன்குளம் பக்கம், ஏ9 ரோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு. வீட்டுத்திட்டத்தில கிடைச்ச வீடு, 550 சதுர அடி, ரெண்டு அறை, ஒரு ஹோல், குசினி, பின்னுக்கு தனியா குளியலறையும் கக்கூசும். இப்பிடி வீடு வன்னியில எங்க திரும்பினாலும் இருக்கு, உங்கட வாசகர்மாருக்கு அளவு சொல்லத் தேவையில்லை. அந்த பிளானில படுக்க இடம் இருக்கு, சமைக்க இடம் இருக்கு, சாமி கும்பிடக்கூட ஒரு மூலை இருக்கு, உடுப்புத் தோய்க்க மட்டும் இடம் இல்லை. ஏனெண்டா தோய்க்கிறது கிணத்தடியில எண்டு எல்லாரும் நினைச்சாச்சு. நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம். கல்லு, வாளி, சவுக்காரம், வேலிக்கு வேலி கட்டின கொடி, அவ்வளவுதான். 2009ல இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில இருக்கேக்க கூடாரக் கயிறுதான் கொடி, ஆரின்ர உடுப்பு ஆரின்ர எண்டு தெரியாது. திரும்பி வந்து தகரக் கொட்டிலில இருக்கேக்கையும் அதே கதை. அதால தோய்க்கிறதுக்கு எண்டு ஒரு அறை கேக்கிறது ஏதோ பெரிய ஆடம்பரம் மாதிரி எங்களுக்கே ஒரு கூச்சம்.

நாலு வருசத்துக்கு முதல் கனடாவில இருக்கிற தம்பி காசு அனுப்பி ஒரு வோஷிங் மெஷின் எடுத்துத் தந்தான். வந்த மெஷினை எங்க வைக்கிறது எண்டு தெரியாமல் ரெண்டு மாசம் ஹோலில ரீவிக்குப் பக்கத்தில துணி போட்டு மூடி மேல பூச்சாடி வைச்சிருந்தம். சிரிக்காதேங்கோ, எங்கட ஒழுங்கையில இப்பவும் ரெண்டு வீட்டில அப்பிடித்தான் கிடக்கு. பிறகுதான் குசினிச் சுவருக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில கிடந்த நீட்டு இடம் கண்ணில பட்டுது. அகலம் 4 அடி, நீளம் 9 அடி. விறகு, பசளைப் பை, காத்துப்போன சைக்கிள் எல்லாம் அதுக்குள்ளதான். மேலுக்கு சீற் போட்டு, முன்னுக்கு ஒரு கதவு வைச்சு, பின்பக்கம் இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பி அதுக்கு மேல பூக்கல்லு, காத்துப் போக ஓட்டை வைச்ச கல்லு, வைச்சு அடைச்சம். அதுதான் எங்கட தோய்க்கிற அறை.

உங்கட பக்கத்தில முதல் வரியே கலரைத் தெரிவு செய்யுங்கோ எண்டு இருந்தது. எங்கட ஊரில முதல் கேள்வி தண்ணி. பக்கத்து வீட்டுப் பிள்ளை புதுசா கலியாணம் முடிச்சு நல்ல விலைக்கு முழு ஓட்டோமற்றிக் மெஷின் எடுத்தவ. பட்டனை அமத்தினா மெஷின் தண்ணிக்குக் காத்துக்கொண்டே நிக்கும், பிறகு சிவப்பு லைட்டு எரியும், அவ்வளவுதான். கடைக்காரர் மெஷினில பிழையில்லை எண்டு சொல்லிப்போட்டார், உண்மையும் அதுதான். உயர்தரம் படிக்கிற என்ர மகள்தான் கணக்குப் போட்டுக் காட்டினவள், தண்ணி 10 மீற்றர் உயரத்தில நிண்டாத்தான் 1 பார் அமுக்கம் வருமாம், அதாவது 33 அடி. எங்கட தாங்கியெல்லாம் 10, 12 அடி ஸ்ராண்டில நிக்குது, மெஷினுக்குப் போற பைப் நிலத்தில இருந்து 3 அடியில, அப்ப மிஞ்சிறது ஆகக்கூட 9 அடிதான், ஒரு பாரின்ர கால்வாசிக்குக் கொஞ்சம் மேல. கனக்க ஓட்டோமற்றிக் மெஷினுக்கு இது காணாது. வாங்க முதல் புத்தகத்தில ஆகக்குறைஞ்ச அமுக்கம் எவ்வளவு எண்டு போட்டிருக்கும், அதைப் பாத்திட்டு தாங்கிக்கு ஏணி வைச்சு அளந்திட்டு பிறகு காசைக் குடுங்கோ.

நாங்கள் எடுத்தது ரெண்டு தொட்டி வைச்ச அரை ஓட்டோமற்றிக். அதுக்கு அமுக்கம் தேவையில்லை, வாளியால ஊத்தினாலும் ஓடும். இன்னொரு லாபமும் இருக்கு, ஆவணி புரட்டாசியில கிணறு அடியில போய் நிக்கிற காலத்தில ஒரு தொட்டிச் சவுக்காரத் தண்ணியில முதல் வெள்ளை, பிறகு கலர், கடைசியா இவற்ற வயல் உடுப்பு எண்டு மூண்டு தரம் ஓட்டலாம். ஓட்டோமற்றிக் ஒவ்வொருக்காலும் தண்ணியை வெளியில தள்ளிப்போடும். ஒடுங்கின இடத்துக்கும் அரை ஓட்டோமற்றிக்தான் வசதி, ஏனெண்டா மூடி மேலுக்குத் திறக்குது. முன்பக்கம் கதவு வைச்ச மெஷின் 2 அடி ஆழம் வரும், 4 அடி அகலத்தில அதை நீட்டுச் சுவரோட வைச்சா மிச்சம் 2 அடி, கதவைத் திறந்தா நீங்கள் நிக்கிறது எங்க?

நாங்களும் முதல் பிழைதான் விட்டம். நீட்டுச் சுவரோட வைச்சு, ஒராள் தோய்க்கேக்க மற்றாள் உள்ளுக்குப் போகேலாமல் மூண்டு மாசம் கஷ்டப்பட்டு, பிறகுதான் அங்கால முடிவுச் சுவரில பூக்கல்லுக்குக் கீழ குறுக்கால மாத்தி வைச்சம். மெஷின் அகலம் ரெண்டரை அடி, இடம் 4 அடி, பக்கத்தில ஒரு வாளி வைக்கவும் இடம் மிஞ்சினது. இப்ப 9 அடி நீளத்தில ஏழடிக்கு மேல நடக்கிற பாதையாக் கிடக்கு. ஒடுங்கின அறைக்கு நான் சொல்லக்கூடிய ஒரே ரகசியம் இதுதான், பெரிய சாமானை முடிவில வை, நீட்டுச் சுவரில மெல்லிசுகளை மட்டும் கொழுவு.

கரண்டைப் பற்றி உங்கட பக்கத்தில ஒரு சொல்லும் இல்லை. ஈர நிலத்தில வெறுங்காலோட நிண்டு செய்யிற வேலை ஐயா இது. ஹோலில இருந்து எக்ஸ்ரென்ஷன் வயர் இழுத்து கதவுக்குக் கீழால விட்டு ஓட்டிற வீடுகள் எனக்குத் தெரியும், பாக்க நெஞ்சு பதறும். எங்களுக்கு ஒரு வயரிங் பெடியன் தனி லைன் இழுத்து, 13 அம்பியர் பிளக்கை பைப்புக்கு எதிர்ப்பக்கம் நெஞ்சு உயரத்தில வைச்சுத் தந்தவன். எர்த் ரொட் அடிச்சு, ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கரண்ட் கசிஞ்சா விழுதோ எண்டும் பாத்தவன். அந்தச் சுவிச்சில ரெஸ்ற் எண்டு ஒரு குட்டிப் பட்டன் இருக்கும், மாசத்தில ஒருக்கா அமத்திப் பாருங்கோ, விழவேணும். விழாட்டி மெஷினை ஓட்டாதேங்கோ. அலங்காரத்துக்கு ஒதுக்கின காசில இதுக்கு எடுத்தாலும் குறையில்லை.

நிலம் சீமெந்து மினுக்குத்தான், ஆனா வழுக்காமல் இருக்க மேசனிட்ட சொல்லி விளக்குமாத்தால இழுத்து வரி போடுவிச்சனான். 9 அடிக்கு 2 இஞ்சி சரிவு. தண்ணி பூக்கல்லுப் பக்கம் போய் பைப்பால வாழைக்குப் போகுது, கிணறு மற்றப்பக்கம், நல்ல தூரம். கிணத்துக்குக் கிட்ட சவுக்காரத் தண்ணியை விட்டுப்போட்டு குடிக்கத் தண்ணி நுரைக்குது எண்டு சொல்லுறவையும் இருக்கினம். வெளிற்றுற மருந்து (பிளீச்) போட்ட தண்ணியை வாழைக்கும் விடாதேங்கோ, வேற பக்கம் திருப்பி விடுங்கோ.

சுவருக்கு விலை கூடின பெயின்ற் அடிக்க இவர் நிண்டார், நான் சுண்ணாம்புதான் எண்டு நிண்டன். மாரியில ஐப்பசி துடங்கி மார்கழி மட்டும் ஈரம் சுவரிலயே ஊறும், சாதாரணப் பெயின்ற் கொப்புளம் போட்டு உரியும், பூஞ்சணம் கறுப்புக் கறுப்பா வரும். சுண்ணாம்பு காரம், அதில பூஞ்சணம் லேசில பிடிக்காது, சுவரும் மூச்சு விடும், பிடிச்சாலும் வருசத்துக்கு ஒருக்கா தைப்பொங்கலுக்கு அடிக்கேக்க சேர்த்து அடிச்சு விடலாம். வெள்ளையா இருக்கிறதால அந்த ஒடுக்கமும் பெரிசா தெரியாது. முடிவுச் சுவர் ஒண்டை மட்டும் மஞ்சளாக்கினன், நான் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ற், உரிஞ்சா உரியட்டும் எண்டுதான். கதவைத் திறக்கேக்க அந்த மஞ்சள் கண்ணில பட்டு, நீளம் குறைஞ்ச மாதிரி, குகைக்குள்ள போற மாதிரி இல்லாமல் இருக்குது. இதை ஆரும் எனக்குச் சொல்லித்தரேல்லை, முன்பள்ளி வகுப்பறையும் ஒரு நீட்டு ஹோல்தான், அங்க பாத்துப் பழகினது.

இனி றாக்கை. வன்னியில மரத்தில எதைச் செய்தாலும் முதல் கறையானைக் கேக்கவேணும். நிலத்தில கால் ஊண்டின அலுமாரி ஒண்டு முதல் வைச்சனாங்கள், ஒரு மாரி முடிய ஒரு கால் மண்ணாப் போச்சு. இப்ப எல்லாம் சுவரில இரும்புக் கோணம் அடிச்சு அதுக்கு மேல பலகை, நிலத்தில ஒண்டும் தொடுறேல்லை. பலகை அகலம் 8 இஞ்சி, அதுக்கு மேல போனா தலையில இடிக்கும், என்ர நெத்தியில அடையாளம் இருக்கு. மேல் தட்டு என்ர கை எட்டிற உயரம், அதில சவுக்காரத்தூள் ஹோர்லிக்ஸ் போத்திலுக்குள்ள. பையோட வைச்சா மாரியில கட்டியாகிப் போகும். கிளிப்பு பால்மா ரின்னுக்குள்ள, ரின்னின்ர அடியில ஆணியால நாலு ஓட்டை போட்டா தண்ணி நிக்காது, ரின்னும் லேசில கறள் பிடிக்காது. வெளிற்றுற மருந்து மட்டும் தனியா, ஆக மேல, சின்னப் பிள்ளையளுக்கு எட்டாமல்.

அழுக்குடுப்புக் கூடையை நிலத்தில வைக்காதேங்கோ எண்டு சொல்லுறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதைக் கொழும்பில இருக்கிற உங்கட அலங்காரக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், பாம்பு. ஒருநாள் விடிய மகள் கூடைக்குள்ள கையை விட்டு இவற்ற சாரத்தை எடுக்கப்போக, சாரத்துக்குக் கீழ ஒரு விரியன் சுருண்டு படுத்திருந்தது. குளிருக்கு வந்ததோ எலியைத் தேடி வந்ததோ, பிள்ளை தப்பினது வட்டப்பளை அம்மாளின்ர காவல் எண்டு மாமி நேத்தி வைச்சா. அண்டையில இருந்து கூடை எல்லாம் கொழுவியில, இடுப்பு உயரத்தில. கதவுக்குக் கீழ இருந்த இடைவெளிக்கு ரப்பர் பட்டி அடிச்சம், பூக்கல்லுக்கு உள்ளால நெற் அடிச்சம், நுளம்பும் வராது. கூடை ரெண்டு வகை. அழுக்குக்கு பிளாஸ்ரிக், ஓட்டை ஓட்டையா இருக்கிறது. காஞ்சு மடிச்சதுக்கு பனையோலைக் கடகம். பனையோலை வடிவுதான், ஆனா ஈரம் பட்டா பூஞ்சணம் பிடிச்சு அந்த மணம் உடுப்பில ஏறும், அதால ஈரத்தை மாத்திப் போட்டியளோ கடகமும் போச்சு உடுப்பும் போச்சு.

எல்லாத்திலும் எனக்குப் பெருமை எங்கட கொடிதான். கிணத்துக்கு மோட்டர் போட்டாப்பிறகு பழைய கப்பி சும்மா கிடந்தது, அப்பா காலத்துக் கப்பி, இடம்பெயர்வு எல்லாம் கண்டு திரும்பி வரேக்க கிணத்துக்குள்ள விழுந்து கிடந்து, இறைக்கேக்க வெளியில வந்தது. அதைக் கூரை வளையில தூக்கி, நைலோன் கயிறு போட்டு, அரை இஞ்சிப் பைப் நாலை ஏணி மாதிரிக் கட்டி கயித்தில தொங்கவிட்டம். இறக்கி உடுப்பைப் போட்டிட்டு இழுத்தா மேல போகும், கயித்தைச் சுவரில கொக்கியில சுத்தினா சரி. கீழ நடக்க ஒரு தடையும் இல்லை. சீற்றுக்குக் கீழ வெக்கை எப்பவும் மேலதான் நிக்கும், அதால மழை விட்டு ரெண்டு மணித்தியாலம் வெயில் எறிச்சாலே காணும், மெஷினில பிழிஞ்ச பள்ளிக்கூட யூனிபோம் காஞ்சிடும். அடைமழையில ஒரு மேசை ஃபானை பூக்கல்லைப் பாத்து வைச்சு ஓட்டினா ஈரக்காத்து வெளியில போகும். ஃபானை உடுப்பைப் பாத்து மட்டும் வைச்சிட்டு கதவையும் பூட்டினா அறைக்குள்ளயே ஈரம் சுத்தும், அது சரிவராது. சோளகம் அடிக்கிற காலத்திலும் இதே கொடிதான், வெளியில போட்டா செம்புழுதி ஏறி தோய்ச்சதிலும் பாக்க ஊத்தையா வரும். இழுக்கேக்க கிணத்தடிச் சத்தம் அப்பிடியே வரும், மாமிக்கு அந்தச் சத்தத்துக்காகவே அறை பிடிச்சுப்போச்சு. முதல் உடுப்புக்கு ஒரு அறையோ, எங்களுக்கே அறை காணாது எண்டு சொன்ன ஆள்.

தண்ணிக் கதை இன்னொண்டும் இருக்கு. எங்கட கிணறு வன்னீர், வன்னியில வன்னீர் எண்டு மகள் பகிடி விடுவாள். அதில கல்சியம் மக்னீசியம் கூட, கட்டிச் சவுக்காரம் நுரைக்காமல் வெள்ளை வெள்ளையா திரண்டு உடுப்பிலயும் தொட்டியிலயும் ஒட்டும். தூள் கொஞ்சம் பரவாயில்லை. மாசத்தில ஒருக்கா தொட்டிக்குள்ள கை பொறுக்கிற சுடுதண்ணி விட்டு நாலைஞ்சு தேசிக்காய் பிழிஞ்சு, உடுப்புப் போடாமல் ஓட்டி அரை மணித்தியாலம் ஊறவிட்டா அந்த வெள்ளைக் காறை கழரும். குழாய்க்கிணத்துக்காரருக்கு வேற பிரச்சினை, எடுக்கேக்க தெளிவா இருக்கும், காத்துப் பட்டு நிக்க நிக்க செங்கல் கலராகும், அது இரும்பு. அந்தக் கறை யூனிபோமில பட்டா உடன எல்லாரும் வெளிற்றுற மருந்தைத்தான் ஊத்துவினம், அது கறையை இன்னும் இறுக்கிப்போடும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில வைச்சு அலசுங்கோ. ஆனா தேசிக்காயையோ வினாகிரியையோ அந்த மருந்தோட ஒருக்காலும் கலக்காதேங்கோ, குளோரின் வாயு வரும், பூட்டின ஒடுங்கின அறைக்குள்ள அது உயிருக்கே ஆபத்து.

அலங்காரம் எண்டு கேட்டியள் எண்டா, மாமியின்ர பழைய நூல் சேலையைக் கிழிச்சு கீழ் றாக்கைக்கு திரை போட்டிருக்கிறன், போத்திலுக்குள்ள மணிப்பிளான்ற் ஒண்டு பூக்கல்லோட நிக்குது, மேசன்மார் எறிஞ்சிட்டுப் போன உடைஞ்ச ரைல்சை பைப்புக்குப் பின்னால மீன் மாதிரி ஒட்டினன், மீன் எண்டு நான்தான் சொல்லவேணும். மகள் ஒரு மட்டையில அப்பாவுக்கு எண்டு தலைப்புப் போட்டு மெஷின் ஓட்டிற முறையைப் படம் கீறி ஒட்டினவள், தண்ணி எவ்வளவு, தூள் எவ்வளவு, எந்தப் பிடியை எங்க திருப்பிறது. இவர் ஒரு கிழமை அதைப் பாக்காத மாதிரி திரிஞ்சிட்டு இப்ப தன்ர வயல் உடுப்பைத் தானே போடுறார். நிறையத் தூள் போடுறார், அது வேற கதை.

நான் இதெல்லாம் எழுதிறதுக்கு ஒரு கோரிக்கை இருக்கு. இப்பவும் புது வீட்டுத்திட்டங்களுக்கு பிளான் கீறுகினம், அத்திவாரம் வெட்டுகினம். அந்த பிளானில குசினிக்குப் பின்னால 4க்கு 8 அடியாவது, ஒரு பைப், ஒரு வடிகால், ஒரு பிளக் வைக்கச் சொல்லி உங்கட பேப்பர் ஒருக்கா எழுதவேணும். வீடு கட்டேக்க சேர்த்துச் செய்தா சில்லறைக் காசு, பிறகு சுவரை உடைச்சுச் செய்யேக்க எங்களுக்கு ரெண்டு போக நெல்லுக் காசு போனது. பிளான் கீறுறவை தங்கட வீட்டில ஆர் தோய்க்கினம் எண்டு ஒருக்கா கேட்டுப்போட்டுக் கீறினாலே காணும். வீட்டு அலங்காரப் பக்கத்துக்கும் ஆக்களை அனுப்புங்கோ, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் எல்லாப் பக்கமும் என்னைவிடக் கெட்டித்தனமா செய்து வைச்சிருக்கிற வீடுகள் இருக்கு, போய் அளந்து படம் எடுத்துப் போடுங்கோ.

இந்தக் கடிதத்தைப் போட்டியள் எண்டா, ஐயா, பக்கத்தில அந்த மாபிள் படத்தைத் திருப்பிப் போட்டிடாதேங்கோ.

இப்படிக்கு,
ஒரு முன்பள்ளி ரீச்சர்,
கனகராயன்குளம்.